எத்தனை மாதம் தாங்கும் என்று முதலில் எண்ணிவிடுங்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். என் வயது 41. சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம். பெங்களூருவுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் 34 பேரை வைத்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். மாத வரவு சுமார் 53 லட்சம். அதில் 38 லட்சம் ஒரே ஓர் அமெரிக்க கிளையன்ட் தருவது. இறக்குமதி செய்பவர்களின் சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் விற்பவர்கள் அவர்கள். ஏழு வருடப் பழக்கம். போன மாதம், 'சூழ்நிலை தெளிவாக இல்லை, ஒப்பந்தம் புதுப்பிப்பதைப் பற்றி அடுத்த காலாண்டில் பேசுவோம்' என்று மெயில் போட்டார்கள். முப்பது நாளில் வந்துகொண்டிருந்த பணம் மூன்று மாதமாக நிற்கிறது. புதிதாக வருவதாக இருந்த ஓர் அமெரிக்க ஸ்டார்ட்அப்பும் அவர்கள் ஊர் வரியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுகிறது. பேங்கில் 1.90 கோடி இருக்கிறது. மாதச் செலவு 48 லட்சம்; சம்பளம் மட்டும் 41. இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்று பயமாக இருக்கிறது.

ஆபீசிலும் அமைதி இல்லை. வாரம் ஐந்து நாளும் நேரில் வரச் சொன்னேன், முணுமுணுப்பு. சனிக்கிழமையும் வேலை என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். விசா செய்தியில் ஆரம்பித்த வாட்ஸ்அப் சண்டை, கன்னடர் வெளியூர்க்காரர் என்று போய், 'ஆள் குறைத்தால் முதலாளி தமிழர்களைத் தொடமாட்டார்' என்று ஒருவர் எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. எங்களில் 11 பேர் தமிழர்கள். குரூப்பில் அரசியலே பேசக்கூடாது என்று உத்தரவு போடலாமா? எட்டுப் பேரை இப்போதே அனுப்பிவிடலாமா? ஆபீசையே ஒசூருக்கு மாற்றிவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஐந்தாறு பிரச்சினை தெரிந்தது. இரண்டாம் தடவை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான் ஆடிட்டர், இருபத்தைந்து வருடமாக இந்த ஊரின் சின்ன ஐ.டி. கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பவள். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் சண்டைக்கும் வழி அங்கிருந்துதான் போகிறது.

1.90 கோடியை 48 லட்சத்தால் வகுத்தாலே கிட்டத்தட்ட நான்கு மாதம் வருகிறது. இரண்டு எங்கிருந்து வந்தது? ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் போட்ட கணக்காக இருக்கும். அந்த நேரத்துக் கணக்கு எல்லோருக்கும் அப்படித்தான் வரும். சரி, பகல் வெளிச்சத்தில் போடுவோம். பெரிய கிளையன்ட் நாளையே நின்றுபோய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடமிருந்து மாதம் 15 லட்சம் வரும். ஆக மாதாமாதம் கையிலிருந்து போவது 33 லட்சம். டி.டி.எஸ்., பி.எஃப். என்று உங்களுடையது அல்லாத பணம் ஒரு 20 லட்சமாவது அந்த பேங்க் இருப்பில் கலந்திருக்கும். அதைத் தள்ளினால் 1.70 கோடி. ஐந்து மாதத்துக்குச் சற்றுக் கூடவே தாங்கும். நிற்கிற மூன்று மாத பில், அதாவது 1.14 கோடி, வந்துவிட்டால் இன்னும் மூன்றரை மாதம்.

இப்போது அந்த எட்டுப் பேர் கணக்கு. உங்கள் சராசரிச் சம்பளம் 1.20 லட்சம். எட்டுப் பேர் போனால் மாதம் 10 லட்சம் மிச்சம். ஆனால் அவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. நோட்டீஸ் சம்பளம், வருடத்துக்கு 15 நாள் வீதம் இழப்பீடு, மிச்சமிருக்கும் லீவுக்குப் பணம், ஐந்து வருடம் முடித்தவருக்கு கிராச்சுட்டி. ஆளுக்குச் சராசரியாக மூன்று லட்சம் என்று வைத்தாலும் 25 லட்சம் உடனே போகும். மிச்சம் 1.45 கோடி, மாதக் குறைவு 23 லட்சம். ஆறு மாதமும் கொஞ்சமும். எட்டுக் குடும்பத்தை அனுப்பி நீங்கள் வாங்குவது ஒரே ஒரு மாதம். கிளையன்ட் போய்விட்டால் எட்டுப் பேர் போதாது, இருபதுக்கு மேல் குறைக்க வேண்டியிருக்கும். கிளையன்ட் தங்கிவிட்டால் எட்டுப் பேரை அனுப்பத் தேவையே இல்லை, அனுப்பியிருந்தால் வேலையை முடித்துக் கொடுக்க ஆள் இருக்காது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எட்டு என்பது தப்பான எண். ஏதாவது செய்தோம் என்று மனசை ஆற்றிக்கொள்வதற்கான எண் அது.

ஆனால் உங்கள் இரண்டு மாதம் இன்னொரு விதத்தில் சரியாக வருகிறது. இருபது பேரை முறையாக அனுப்ப 60 லட்சத்துக்கு மேல் வேண்டும். அதோடு ஒரு மாத முழுச் செலவையும் கையில் வைக்க வேண்டும் என்றால் 1.10 கோடி. கையிருப்பு அதற்குக் கீழே போனால் நாணயமாக மூடவும் முடியாது. 1.70லிருந்து 1.10க்கு இறங்க, மாதம் 33 வீதம், இரண்டு மாதத்துக்குள். ஆகவே கம்பெனிக்கு ஐந்து மாத ஆயுள், முடிவெடுக்க உங்களுக்கு இரண்டு மாத அவகாசம். இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். முதல் நடவடிக்கையாக இந்த மாதமே உங்கள் சொந்தச் சம்பளத்தை நிறுத்துங்கள். வீட்டில் பேசிவிட்டுத்தான்.

அடுத்தது, 'சூழ்நிலை தெளிவாக இல்லை' என்ற அந்த வரி. கிளையன்ட் இப்படி எழுதினால் நாம் உடனே டி.வி.யைப் போட்டு உலகத்தையே கவலைப்பட ஆரம்பிக்கிறோம். உலகம் எந்தக் கதவு வழியாக உங்கள் பில்லுக்குள் நுழைகிறது என்பது மட்டும்தான் உங்களுக்கு வேண்டியது.

அமெரிக்காவின் சுங்க வரி பொருட்களுக்குத்தான். நீங்கள் ஏற்றுமதி செய்யும் மென்பொருள் சேவைக்கு அது இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25ம் போட்டபோது, திருப்பூரில் இருக்கும் என் மைத்துனர் தூக்கமில்லாமல் தவித்தார். இங்கே ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த வைட்ஃபீல்டில் யாருக்கும் ஒரு ரூபாய் வரி நேரடியாகக் கூடவில்லை. ஆனால் உங்கள் கிளையன்ட் யாருக்கு மென்பொருள் விற்கிறார்? இறக்குமதியாளரின் கிடங்குக்கு. 2025 ஏப்ரலில் சீனச் சரக்குக்கு வரி 145 சதவீதம் வரை போனது. மே மாதமே 30க்கு இறங்கியது. கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றும்போது ஒரு வரி, இறக்கும்போது வேறு வரி என்றால் அந்த வியாபாரி புதுக் கிடங்கு எடுப்பாரா, புது மென்பொருள் வாங்குவாரா? எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைப்பார். அவர் நிறுத்தியதால் உங்கள் கிளையன்ட் நிறுத்துகிறார். அப்படிப் பார்த்தால் அந்த மெயில் பொய் சாக்கு மாதிரி எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதப் பணம் நிற்பதும் அதே சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். அவர்களுக்கே வசூல் ஆகவில்லை.

ஆகவே அவர்களிடம் 'புதுப்பிப்பீர்களா' என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் பதில் கிடையாது. 'உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை கிடங்குகள் இந்த வருடம் சந்தாவை விட்டுவிட்டன' என்று கேளுங்கள். ஏழு வருடப் பழக்கத்துக்கு அதைச் சொல்வார்கள். விட்டவர்கள் குறைவு, புதியவர்கள் மட்டும் வரவில்லை என்றால், புதிய அம்சங்களைக் கட்டும் வேலை நிற்கும், இருப்பதைப் பராமரிக்கும் வேலை நிற்காது. 38 லட்சத்தில் பராமரிப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தொகைக்கு மட்டும் இப்போதே ஆறு மாத ஒப்பந்தம் கேட்டு வாங்குங்கள். முழுதாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முழுதாகவே தள்ளிப்போகும்.

அந்த ஸ்டார்ட்அப் வரி என்று சொன்னதையும் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது இங்கே பலருக்குத் தெரியாத சங்கதி. 2017ல் அமெரிக்காவில் போட்ட வரிச் சட்டத்தின்படி, 2022லிருந்து மென்பொருள் உருவாக்கச் செலவை அந்த வருடமே முழுதாகக் கழிக்க முடியாமல் போனது. உள்நாட்டில் செய்தால் ஐந்து வருடமாகப் பிரிக்க வேண்டும். வெளிநாட்டில் செய்தால் பதினைந்து வருடம். 2025 ஜூலையில் புதுச் சட்டம் வந்து, உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழைய சலுகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெளிநாட்டுக்குப் பதினைந்து அப்படியே நிற்கிறது. அதாவது டெக்சாசில் ஒரு பொறியாளருக்குக் கொடுக்கும் டாலர் இந்த வருடமே செலவுக் கணக்கில் ஏறும். உங்களுக்குக் கொடுக்கும் டாலர் உங்கள் பிள்ளை கல்லூரி முடிக்கும் வரை துளித் துளியாக ஏறும். லாபமே பார்க்காத கம்பெனிக்கு இது பெரிதாக உறைக்காது. லாபத்தைத் தொட ஆரம்பித்த கம்பெனிக்கு நன்றாக உறைக்கும். அவர்கள் ஆடிட்டருக்கு உதவுகிற மாதிரி பில் போடுங்கள்: உருவாக்கம் தனி வரி, பராமரிப்பும் பயனர் உதவியும் தனி வரி. புது வசதி சேர்க்காத பராமரிப்பு வேலை பொதுவாக இந்தப் பதினைந்து வருட வலையில் விழுவதில்லை. உண்மையில் நடந்ததைப் பிரித்து எழுதினால் போதும். புதிதாகக் கட்டியதைப் பராமரிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பொய்யை அவர்கள் வரி அதிகாரிதான் முதலில் பிடிப்பார்.

விசா விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுவுக்கு 1 லட்சம் டாலர் என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். உங்கள் ஆட்கள் யாரும் ஆன்சைட்டில், அதாவது அமெரிக்காவுக்கே போய், வேலை பார்க்கவில்லை. உங்கள் பில்லில் இதன் பங்கு பூஜ்யம். வெளிநாட்டு வேலைக்குத் தரும் பணத்துக்கு 25 சதவீத வரி என்று சுற்றுகிற செய்தி அதே மாதம் ஒரு செனட்டர் கொண்டுவந்த மசோதா. மசோதா வேறு, சட்டம் வேறு. உங்கள் குரூப்பில் அது சட்டமாகவே ஓடியிருக்கும்.

பண விஷயத்தில் இன்னும் சில. டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. அதனால் வந்த கூடுதல் ரூபாயை லாபம் என்று எண்ணிச் சம்பள உயர்வுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிளையன்ட்டின் கொள்முதல் ஆளும் அதே செய்தியைப் படிக்கிறார். புதுப்பிக்கும்போது 'உங்களுக்குத்தான் ரூபாயில் கூடுதலாக வருகிறதே' என்று விலையைக் குறைக்கச் சொல்வார். அப்போது விட்டுக்கொடுக்க அந்தப் பணம் உதவும். நிற்கிற பில்லின் தேதிகளையும் பாருங்கள். எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் கொடுத்து, ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்கிறீர்கள். பில் தேதியிலிருந்து சட்டம் தரும் கெடுவுக்குள் டாலர் வந்து சேராவிட்டால் அந்த வரியை வட்டியோடு கட்டச் சொல்வார்கள். இனிப் போடும் பில்களுக்கு, ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யில் கேளுங்கள். சரக்குக்கு மட்டும்தான் காப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள்; சேவை ஏற்றுமதிக்கும் பாலிசி இருக்கிறது. ஏற்கெனவே நின்றுபோன பணத்துக்கு இப்போது போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

உள்ளூரில் ஆள் பிடியுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் வேலைக்காகவே இங்கே நடத்தும் மையங்கள், அதாவது ஜி.சி.சி.கள், இந்தியாவில் 1,700க்கும் மேல் இருக்கின்றன, அதிகம் இருப்பது நம் ஊரில்தான். உங்கள் ஆபீசிலிருந்து பெல்லந்தூர் வரை வண்டியில் போனால், நெரிசலில் நிற்கும் நேரத்தில் இருபது போர்டை எண்ணலாம். அவர்கள் வெண்டராகச் சேர்த்துக்கொள்ளவே நாலைந்து மாதம் இழுப்பார்கள், அது உண்மை. அதனால் இந்த நெருக்கடிக்கு அவர்கள் மருந்தாக மாட்டார்கள், அடுத்த நெருக்கடிக்கு ஆவார்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? உங்கள் அளவு கம்பெனி குறு நிறுவனக் கணக்கில் வரும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம். அந்தக் கெடுவைத் தாண்டினால், பணம் கொடுக்கும் வரை வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு இந்த ஒரு விதிக்குத்தான் நடுங்குகிறது. அமெரிக்கக் கிளையன்ட்டிடம் இந்த ஆயுதம் உங்களுக்கு இல்லை.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காதது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குஜராத் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜி மீது தடை போட்டது. ரஷ்ய எண்ணெய்க் கம்பெனியான ரோஸ்நெஃப்ட்டுக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இருக்கிறது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டி வைத்திருந்த கம்பெனி தன் மெயிலையே திறக்க முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு சேவை திரும்பியது. நீங்கள் எண்ணெய் விற்கவில்லை, உங்களுக்கு இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மென்பொருள் கோடு, மெயில், சம்பளக் கணக்கு மூன்றும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, அட்மின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, வெளியே ஒரு நகல் இருக்கிறதா? இந்த வாரமே பார்த்துவிடுங்கள். போன வருடம் நான் கேட்ட ஒரு முதலாளிக்கு, அட்மின் கணக்கு வேலையை விட்டுப்போன பையன் பெயரில் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியனின் 90 மணி நேரப் பேச்சு வெளியே வந்தது. அதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒவ்வொரு முதலாளியும் பணம் இறுகும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் பில்லைப் பாருங்கள் தம்பி. ஆளுக்கு மாதம் 160 மணி நேரம் என்றுதானே போடுகிறீர்கள்? கிளையன்ட் அந்த 160க்குத்தான் பணம் தருகிறார். நீங்கள் 200 மணி நேரம் உட்காரவைத்தாலும் ஒரு டாலர் கூடாது. மின்சாரக் கட்டணம் கூடும், நல்ல ஆள் இரண்டு பேர் நோட்டீஸ் கொடுப்பார்கள். மொத்த விலை பேசி எடுத்த வேலையாக இருந்தால் கதை வேறு, அதிலாவது சீக்கிரம் முடித்தால் மிச்சம். சட்டமும் இருக்கிறது: கர்நாடகக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் நாளைக்கு 9 மணி நேரம், வாரம் 48. 2024ல் ஐ.டி. ஊழியர்களின் நாளை 14 மணி நேரம் வரை நீட்டலாம் என்று யோசனை எழுந்தபோது, இங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. தெருவில் இறங்கியது. உங்களை மாதிரிச் சின்ன கம்பெனி அந்தச் சண்டைக்குள் தலையை விட வேண்டாம்.

ஐந்து நாள் நேரில் வருவது பற்றி எனக்கு அவ்வளவு கடுமையான கருத்து இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை கற்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மாதம் அந்த உத்தரவு வேறு மாதிரி வாசிக்கப்படும். ஆட்கள் தானாக விலகட்டும் என்று சில கம்பெனிகள் இப்படிச் செய்திருக்கின்றன; உங்கள் ஆட்களுக்கும் அது தெரியும். ஆபீசுக்கு வா என்கிறாரா, வேலையை விட்டுப் போ என்கிறாரா என்றுதான் முணுமுணுப்பு. மூன்று நாளாகக் குறைத்துவிட்டு, எந்த மூன்று நாள் என்பதை ஒவ்வொரு டீமும் முடிவு செய்யட்டும். மஞ்சள் பாதை மெட்ரோ 2025 ஆகஸ்டில் திறந்த பிறகு எலக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. கே.ஆர்.புரத்திலிருந்து வருகிறவரின் கஷ்டம் அப்படியேதான் இருக்கிறது.

இனி அந்த வாட்ஸ்அப் குரூப். இதைத்தான் அதிகம் யோசித்தேன்.

பேச்சைத் தடை செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் இருக்கின்றன. 2020ல் காயின்பேஸ், வேலையோடு தொடர்பில்லாத அரசியல் இங்கே வேண்டாம், பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றது. சுமார் 60 பேர், ஊழியர்களில் 5 சதவீதம், போனார்கள். 2021 ஏப்ரலில் பேஸ்கேம்ப் அதே மாதிரி அறிவித்தது. அங்கே இருந்தது 60 பேருக்கும் குறைவு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரே உத்தரவு, ஏன் இவ்வளவு வித்தியாசம்? பேஸ்கேம்ப்பில் அதற்குச் சற்று முன்புதான் ஊழியர்களுக்குள்ளேயே ஒரு மனத்தாங்கல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்வதற்குப் பதிலாகப் பேசும் வாயை மூடச் சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் வாசிப்பு. உங்கள் ஆபீஸ் அளவிலும் நிலையிலும் எதைப் போல இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் குரூப்பில் நடந்ததை மறுபடி வரிசையாகப் படியுங்கள். விசா செய்தி, அப்புறம் உள்ளூர் வெளியூர், அப்புறம் 'தமிழர்களைத் தொடமாட்டார்'. மூன்றும் ஒரே கேள்வி: என் வேலை நிலைக்குமா? அதை உங்களிடம் நேரே கேட்கப் பயம், அதனால் பக்கத்து சீட்காரரிடம் சண்டையாகக் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவை அமைச்சரவை ஏற்று, தொழில்துறை எதிர்த்ததும் இரண்டு மூன்று நாளில் நிறுத்திவைத்ததே, அப்போதும் எனக்குத் தெரிந்த எல்லா ஆபீசிலும் இந்தப் பேச்சு ஓடியது. வேலை நிறைய இருந்த இடத்தில் அது டீ நேரத்துப் பேச்சாக ஓடி முடிந்தது. ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் மூக்கு உடைந்தது.

அந்த ஒருவர் எழுதிய வரி உங்களுக்குச் சுட்டிருக்கும். இந்த ஊர் அல்சூர் பக்கம் வளர்ந்த தமிழச்சி நான், எனக்கும் சுடும். ஆனால் ஒரு கேள்வி. ஆபீசில் உங்களோடு தமிழில் பேசுகிறவர்களுக்கு, கிளையன்ட் மெயில் வந்த செய்தி மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டதா? மதியச் சாப்பாட்டு மேசையில் தமிழில் சொன்ன ஒரு வார்த்தை, புரியாத 23 பேருக்கு ரகசியமாகத்தான் கேட்கும். அப்படி நடந்திருந்தால், எழுதினவரைக் கூப்பிட்டுத் திட்ட உங்களுக்கு வழியில்லை.

அவருக்குப் பதிலைச் சட்டத்திலிருந்தே சொல்லலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும், அதற்கு முந்தைய சட்டத்திலும், ஆள் குறைப்பில் ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்பதுதான் பொது விதி. மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு வருடம் முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் இழப்பீடு. புதுச் சட்டத்தில் மறுபயிற்சி நிதிக்கென்று இன்னொரு 15 நாள் சம்பளமும் முதலாளி கட்ட வேண்டும். கடைசிக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் பொறியாளர்கள் சட்டப்படி 'தொழிலாளி'தானா என்பது அவர்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. டீம் லீட் என்று கார்டில் அச்சடித்ததால் மட்டும் மாறாது. சந்தேகம் இருந்தால் தொழிலாளி என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், தூக்கம் வரும்.

ராஜினாமா எழுதி வாங்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 2009 ஆரம்பத்தில் நான் கணக்குப் பார்த்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், நியூயார்க்கில் லேமன் பேங்க் விழுந்த சூட்டில் பதினாறு பேரை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியது. வெளியே காத்திருந்த செக்யூரிட்டி அப்படியே வாசல் வரை கொண்டுபோய் விட்டார். இழப்பீட்டுக் கணக்கை மிச்சம் பிடித்துக் காட்டியவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் ஆர்டர் கொட்டியது. அந்தப் பதினாறு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. இருந்தவர்களிலும் பாதிப் பேர் கதவு திறந்ததும் போய்விட்டார்கள். மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்குப் போனது.

ஆகவே செய்ய வேண்டியது இது. வரும் திங்கட்கிழமை, 34 பேரையும் ஒரே அறையில், எல்லோருக்கும் புரியும் மொழியில், கிளையன்ட்டின் அந்த மெயிலை வாசித்துக் காட்டுங்கள். ஐந்து மாதக் கணக்கையும் இரண்டு மாதக் கெடுவையும் போர்டில் எழுதுங்கள். உங்கள் சம்பளத்தை நிறுத்தியதைச் சொல்லுங்கள், பெருமையாக வேண்டாம், ஒரு வரியில். ஆள் குறைப்பு வந்தால் ஒரே தடவைதான், எந்த வரிசையில், என்ன பணம் என்று சொல்லுங்கள். 'யாரையும் அனுப்பமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உணர்ச்சியில் வாய் தவறி அது வந்துவிடும், எழுதி வைத்துப் படியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த எண்ணைப் புதுப்பித்துச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பேர் வேறு வேலை தேடிப் போவார்கள். போகட்டும், இழப்பீட்டுக் கணக்கில் குறையும்.

குரூப் விதியை இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள், சின்னதாக: வேலை குரூப்பில் வேலைப் பேச்சு மட்டும்; மொழி, மதம், ஊர் வைத்து இழிவாக எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை, எழுதியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்பது உங்கள் வேலை இல்லை.

ஒசூர் யோசனை. வாடகை குறையும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதம் நீங்கள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் ஆபீஸ் தேடுகிறீர்கள் என்று தெரிந்தால், அந்த ஒருவர் எழுதியதை மற்ற 22 பேரும் நம்பிவிடுவார்கள். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டித் தினமும் வர, ஊரின் வடக்குக் கோடியில் இருக்கும் எலஹங்காக்காரர் சம்மதிப்பாரா? உங்கள் இப்போதைய வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முன்கூட்டியே காலி செய்தால் அட்வான்சில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, கிளையன்ட் பதில் வந்த பிறகு மறுபடி எழுதுங்கள்.